ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை: போர்டு போச்சு என்று முடிவு செய்யும் முன்

கன்னியாகுமரி மாவட்டம் கடியபட்டணத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "வீட்டில் பழைய டெஸ்க்டாப், நான்காம் தலைமுறை ஐ3, நான்கு ஜி.பி. ரேம், விண்டோஸ் 10. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதும் மூன்று வாரம் ஊரில் இல்லை. வந்து ஆன் செய்தால் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் நோ சிக்னல் என்றே நிற்கிறது. கடையில் காட்டினால் மதர்போர்டு போச்சு, இந்தப் போர்டு இப்போது வராது, புது சிஸ்டம் எடுங்கள் என்கிறார்கள். அப்பாவின் வள்ளக் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது. என்ன செய்யலாம் அண்ணா?"

முதலில் கணக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மனசு அங்கேதான் இருக்கும். போர்டு உண்மையிலேயே போயிருந்தாலும் அப்பாவின் கணக்கு போகவில்லை. அது ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. அந்த டிஸ்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் ஃபைல்கள் அப்படியே தெரியும். அதனால் யாராவது "ஃபார்மட் அடித்துப் பார்க்கலாம்" என்று ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். உங்கள் சிஸ்டம் இப்போது நிற்கிற இடத்துக்கும் விண்டோஸுக்கும் சம்பந்தமே கிடையாது. லோகோகூட வராத சிஸ்டத்துக்கு விண்டோஸ் புதிதாகப் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை, கணக்குதான் அழியும்.

அடுத்தது போர்டு. போர்டு போகவே போகாது என்று நான் சொல்லவில்லை. ஃபேன் சுற்றி டிஸ்ப்ளே வராததை மட்டும் வைத்து அப்படித் தீர்ப்பு எழுத முடியாது என்கிறேன். கடலோர வீடு, மழைக்காலம், சில வாரம் ஓடாமல் கிடந்த சிஸ்டம் என்று கேட்டால் என் கை முதலில் போவது ரேமுக்கு. அப்புறம் போர்டில் இருக்கிற அந்தப் பட்டன் பேட்டரி. அப்புறம் எஸ்.எம்.பி.எஸ்., அதாவது எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கிற பவர் பெட்டி. போர்டு இந்த வரிசையில் கடைசி. ஏன் என்று புரிந்துகொண்டால் மீதி வேலையை நீங்களே பாதி செய்துவிடலாம்.

பவர் பட்டனை அழுத்தியதும் எஸ்.எம்.பி.எஸ். 12, 5, 3.3 வோல்ட் என்று கரண்ட்டைக் கொடுக்க ஆரம்பிக்கிறது. அது நிலையாகிவிட்டது என்று தெரிந்ததும், அரை வினாடிக்குள், "பவர் குட்" என்று ஒரு சிக்னலைப் போர்டுக்கு அனுப்புகிறது. அந்தச் சிக்னல் வராமல் ப்ராசஸர் கண் திறக்காது. வந்த பிறகு ப்ராசஸர் பயாஸைப் படிக்கிறது, அது சிஸ்டத்தை எழுப்புவதற்காகப் போர்டில் ஒரு சிப்பில் இருக்கிற புரோகிராம். பயாஸ் ரேமைத் தேடுகிறது. ரேம் ஒழுங்காகப் பதில் சொன்னால்தான் டிஸ்ப்ளேவை எழுப்புகிறது. கீபோர்டு, ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எல்லாம் அதற்குப் பின்னால்.

ஃபேன் சுற்ற 12 வோல்ட் வந்தால் போதும். ஆக ஃபேன் சுற்றுவது முதல் படி நடந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. பவர் குட் வரவில்லையா, ப்ராசஸருக்குக் கரண்ட் போகவில்லையா, பயாஸ் படிக்கப்படவில்லையா, ரேமில் தொடர்பு விட்டுப்போச்சா, இதில் எது நடந்திருந்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: ஃபேன் ஓடும், மானிட்டர் நோ சிக்னல் என்று சொல்லும். எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்காமல் சாமானை மாற்றினால் காசுதான் போகும்.

இனி நம்ம ஊர் விஷயம். முட்டம், கடியபட்டணம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம், மணக்குடி என்று கடலை ஒட்டிய ஊர்களில் கம்ப்யூட்டருக்கு முதல் எதிரி உப்பு. ஜூனிலிருந்து தென்மேற்குக் காற்று கடலிலிருந்து நேரே வீட்டுக்குள் அடிக்கிறது. அலை உடைந்து தெறிக்கிற நுண்ணிய உப்புத் துளிகள் அந்தக் காற்றில் வந்து ஜன்னல் கம்பி, மின்விசிறி, கேபினெட்டின் உட்புறம் என்று எல்லா இடத்திலும் ஒரு படலமாகப் படிகின்றன. உப்பு சும்மா கிடந்தால் பெரிய தொந்தரவு இல்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் அது தானே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கிறது. ஆனி ஆடியில் திறந்து வைத்த கல்லுப்புச் சாடி கசிந்து நிற்பதும் இதனால்தான். கரைந்த உப்பு கரண்ட்டைக் கடத்தும், செம்பை அரிக்கும். ரேமின் முனைகளில் இருக்கிற தங்கப் பூச்சு மிக மெல்லியது. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அதன் வழியே அடியில் இருக்கிற நிக்கலுக்கும் செம்புக்கும் ஈரம் போய்விடுகிறது.

தினமும் ஓடுகிற சிஸ்டம் தன் சூட்டிலேயே காய்ந்துகொள்ளும். அந்த ஊர்களில் தினமும் ஓடுகிற பழைய சிஸ்டம் பல வருஷம் நிற்பதும், சும்மா கிடந்த நல்ல சிஸ்டம் ஒரே மழையில் படுத்துக்கொள்வதும் இதனால்தான். ஆரல்வாய்மொழிப் பக்கம் வந்தால் கதை வேறு. கணவாய்க் காற்று தூசியைக் கொண்டுவந்து, ப்ராசஸரின் சூட்டை இறக்குகிற ஹீட் சிங்கை அடைக்கும், அங்கே சூடுதான் பிரச்சினை. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் இடி மின்னல். உங்கள் வீட்டில் நான் சந்தேகப்படுவது உப்பும் ஈரமும்தான்.

சரி, வேலைக்கு வருவோம். சுவர் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். யு.பி.எஸ். இருந்தால் அதிலிருந்தும் எடுத்துவிடுங்கள். பிடுங்கிய பிறகு பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள், போர்டில் மிச்சம் நிற்கிற கரண்ட் வடிந்துவிடும். கேபினெட்டைத் திறந்ததும், எதையும் தொடுவதற்கு முன், போனில் நாலைந்து போட்டோ எடுத்துவையுங்கள். எந்த வயர் எங்கே இருந்தது என்ற சண்டை பின்னால் வராது. உள்ளே கை வைக்கும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பு பாகத்தை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள். நம்ம ஈரக் காற்றில் ஸ்டாட்டிக் குறைவுதான், இருந்தாலும் பழக்கம் நல்லது.

திறந்ததும் முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். போர்டில் நிற்கிற உருளை வடிவக் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, மேலே பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எறும்புக் கூட்டம், பல்லி, பல்லி முட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை, மழையில் சூடான இடம் தேடி அவை வருவது இதற்குள்தான். பச்சையாகப் பூத்திருக்கிற இடங்கள் செம்பு அரித்ததன் அடையாளம்.

இப்போது ரேம். ஸ்லாட்டின் இரண்டு முனையிலும் இருக்கிற கிளிப்பைக் கீழே தள்ளினால் ரேம் தானே எழும்பும். உங்களுடையது டி.டி.ஆர். 3, இரண்டு பக்கமும் சேர்த்து 240 தங்க முனைகள். விளிம்பைப் பிடித்து வெளியே எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல ரேமில் அந்த முனைகள் ஒரே மாதிரி மின்னும். உங்களுடையதில் மங்கலாக ஒரு திரை, அங்கங்கே பழுப்புப் புள்ளி, ஓரத்தில் லேசாகப் பச்சை தெரிந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். சில சமயம் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது, ஆனாலும் துடைத்ததும் சிஸ்டம் வந்துவிடும். அதனால் சுத்தமாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.

பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பர், மென்மையானது, புதியதாக இருந்தால் நல்லது. ரேமை மேசையில் துணிமேல் வைத்து, தங்க முனைகளின் மேல் நீளவாக்கில் இரண்டு மூன்று தடவை லேசாக ஓட்டுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம், பூச்சு போய்விடும். பேனா மை அழிக்கிற சொரசொரப்பான ரப்பர் கூடவே கூடாது, உப்புத்தாள் பேச்சே வேண்டாம். ரப்பர் தூளை ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் உதற வேண்டாம். அப்புறம் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியால், பழைய வேட்டித் துணி போதும், ஒரு தடவை துடையுங்கள். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற கடையில் கேட்டால் கிடைக்கும். அது கிடைக்கவில்லை என்று கை கழுவுகிற சானிட்டைசரை ஊற்ற வேண்டாம், அதில் தண்ணீரும் பெரும்பாலும் கிளிசரினும் கலந்திருக்கும்.

ஸ்லாட்டையும் மறக்காதீர்கள், பல பேர் ரேமைத் துடைத்துவிட்டு ஸ்லாட்டை அப்படியே விடுவார்கள். உபயோகிக்காத மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் நீளவாக்கில் தூசியைத் தள்ளி எடுங்கள். வாயால் ஊத வேண்டாம், அதிலும் ஈரம்தான். பிறகு மூடியைத் திறந்தபடியே ஒரு இரவு டேபிள் ஃபேன் முன்னால், கடல் பக்க ஜன்னலை அடைத்துவிட்டு, வைத்துவிடுங்கள். அவசரப்பட்டு உடனே ஆன் செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

மறுநாள் ரேமை மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. இதைத்தான் நான் மிகவும் நம்புகிறேன், கடையில் இதைச் செய்தார்களா என்று கேட்க வேண்டியதும் இதுதான். போர்டில் ஸ்பீக்கர் என்று எழுதியிருக்கிற நான்கு முள்ளில் ஒரு குட்டி பீப் ஸ்பீக்கரை மாட்டுங்கள். இப்போதைய கேபினெட்களில் அது பெரும்பாலும் இருக்காது, தனியாக மலிவாகக் கிடைக்கும். ரேமை முழுவதுமாகக் கழற்றி வைத்துவிட்டு, பிளக்கை மாட்டி ஆன் செய்யுங்கள். பீப், பீப் என்று நீளமாக, திரும்பத் திரும்பச் சத்தம் வந்தால் உங்களுக்கு நல்ல செய்தி. "ரேம் இல்லை" என்று பயாஸ் கத்துகிறது. கத்துவதற்கு எஸ்.எம்.பி.எஸ். பவர் குட் கொடுத்திருக்க வேண்டும், ப்ராசஸர் உயிரோடிருக்க வேண்டும், பயாஸ் சிப் படிக்கப்பட்டிருக்க வேண்டும், போர்டின் முக்கியமான பாகங்கள் வேலை செய்ய வேண்டும். பீப் சத்தம் வருகிற போர்டைப் போர்டு போச்சு என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பீப் வந்ததென்றால், அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ரேமை மாட்டுங்கள். நடுவில் சற்றுத் தள்ளி ஒரு வெட்டு இருக்கும், அது ஸ்லாட்டில் இருக்கிற மேட்டோடு பொருந்த வேண்டும். இரண்டு பெருவிரலாலும் இரண்டு முனையையும் அழுத்தினால் கிளிப் தானே டக் என்று மூடும். ஒரு பக்கம் மட்டும் மூடி இன்னொரு பக்கம் மூடாமல் நிற்பது மிகச் சாதாரணமாக நடக்கும், அதற்கும் டிஸ்ப்ளே வராது. வரவில்லையென்றால் அடுத்த ஸ்லாட்டில் போடுங்கள். அதிலும் வரவில்லையென்றால் தெரிந்தவர்களிடம் வேறொரு டி.டி.ஆர். 3 ரேம் வாங்கிப் பாருங்கள். டி.டி.ஆர். 4 பொருந்தாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும், திணிக்க வேண்டாம்.

ரேம் இல்லாமல் பீப்பே வரவில்லை என்றால் பேட்டரிக்கு வாருங்கள். போர்டில் பழைய எட்டணா அளவில் பளபளவென்று ஒரு பேட்டரி இருக்கும், சி.ஆர். 2032. அது 3 வோல்ட். புதியதில் மூன்றுக்குச் சற்று மேலே காட்டும். மல்டிமீட்டரில் 2.8க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள், வாட்ச் கடையிலும் கிடைக்கும். மெயின் கரண்ட் இல்லாத நேரத்தில் தேதியையும் பயாஸ் செட்டிங்கையும் காப்பாற்றி வைப்பது இதுதான். மூன்று வாரம் பிளக் இல்லாமல் கிடந்தால் இருந்த கொஞ்ச உயிரும் போயிருக்கும். சில போர்டுகள் பேட்டரி முழுதும் செத்தால் டிஸ்ப்ளேவே தராமல் நிற்கும். பிளக் இல்லாத நிலையில் பேட்டரியைக் கழற்றி ஐந்து பத்து நிமிஷம் விட்டுப் புதியதைப் போட்டால் பயாஸ் செட்டிங்கும் பழைய நிலைக்கு வந்துவிடும். அதன் பிறகு முதல் தடவை ஆன் ஆகும்போது ஒன்றிரண்டு தடவை தானே அணைந்து எழும்பலாம், பயப்பட வேண்டாம். டிஸ்ப்ளே வந்து எஃப்1 அழுத்தச் சொன்னால் அழுத்தி, தேதியைச் சரிசெய்யுங்கள். தேதி தப்பாக இருந்தால் பிரவுசரில் பேங்க் சைட் ஒன்றும் திறக்காது, இன்டர்நெட் கெட்டுப்போச்சு என்று நினைத்துக்கொள்வீர்கள்.

அடுத்தது பவர். போர்டுக்கு இரண்டு இடத்தில் கரண்ட் போகிறது. ஒன்று 24 முள் பெரிய கனெக்டர். இன்னொன்று ப்ராசஸருக்குப் பக்கத்தில் 4 அல்லது 8 முள் சின்னக் கனெக்டர். இந்தச் சின்னது கழன்றிருந்தாலோ முனை கறுத்திருந்தாலோ ஃபேன் சுற்றும், ப்ராசஸர் எழும்பாது. இரண்டையும் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டுங்கள். மல்டிமீட்டர் வைத்திருக்கிறவர் பக்கத்தில் இருந்தால், சிஸ்டம் ஓடும்போது டி.சி. 20 வோல்ட் ரேஞ்சில் கறுப்பு வயரோடு சேர்த்து அளக்கச் சொல்லுங்கள்: மஞ்சளில் 11.4க்கும் 12.6க்கும் நடுவே, சிவப்பில் 4.75க்கும் 5.25க்கும் நடுவே, ஆரஞ்சில் 3.14க்கும் 3.47க்கும் நடுவே இருக்க வேண்டும். வெளியே போனால் எஸ்.எம்.பி.எஸ். மாற்ற வேண்டியதுதான். அளவு சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் நேரான வழி. ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் வீட்டில் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அது ஆளை அடித்துவிடும்.

மானிட்டர் பக்கம் ஒரு வார்த்தை. உங்கள் ஐ3 ப்ராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, அதனால் போர்டில் இருக்கிற வி.ஜி.ஏ. அல்லது எச்.டி.எம்.ஐ. பொந்தில்தான் கேபிள் இருக்க வேண்டும். மானிட்டரின் மெனுவில் சோர்ஸ் மாறியிருக்கிறதா என்று பாருங்கள், வேறொரு கேபிள் போட்டுப் பாருங்கள். கீபோர்டில் நம்லாக் (Num Lock) அல்லது கேப்ஸ் லாக் பட்டனை அழுத்தினால் லைட் மாறி மாறி எரிகிறதா? எரிந்தால் சிஸ்டம் உள்ளே எழும்பிவிட்டது, குறை டிஸ்ப்ளே வழியில் மட்டும்தான். தனி கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் கேபிளைக் கார்டில் மாட்டாமல் போர்டில் மாட்டிவிட்டு நோ சிக்னல் என்று அலைவதும் நடக்கிறது.

இவ்வளவும் பார்த்தாகிவிட்டது, வேறு ரேம், வேறு எஸ்.எம்.பி.எஸ்., புது பேட்டரி. ஹார்ட் டிஸ்க், டிவிடி, பின்னால் செருகியிருக்கிற யு.எஸ்.பி. எல்லாம் கழற்றியாகிவிட்டது, ப்ராசஸரும் ஃபேனும் ஸ்பீக்கரும் மட்டும் வைத்து ஆன் செய்தும் பீப் இல்லை. அப்போது போர்டையும் ப்ராசஸரையும் சந்தேகப்படுவது நியாயம். அதிலும் ப்ராசஸர் கெடுவது அபூர்வம், பெரும்பாலும் போர்டுதான். அப்படியிருந்தாலும் "இந்தப் போர்டு வராது" என்பதை நான் ஏற்க மாட்டேன். உங்கள் ப்ராசஸர் உட்காருகிற எல்.ஜி.ஏ. 1150 சாக்கெட்டுக்கான எச்81 போர்டுகள் பழைய சாமானாகவும், சில பிராண்டுகளில் புதிதாகவும் கிடைப்பவைதான். உங்கள் ப்ராசஸரையும் ரேமையும் அப்படியே அதில் மாட்டலாம். புது சிஸ்டத்தின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

புது சிஸ்டம் எடுக்கச் சொல்ல நேர்மையான காரணம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஓடும், உங்களுடையது நான்காவது. கணக்கு எழுதவும் டைப் அடிக்கவும் மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் போட்டு இன்னும் சில வருஷம் ஓட்டலாம். பேங்க் வேலை நிறைய இருந்தால் மெதுவாகப் புதியதற்குத் திட்டம் போடுங்கள். அதைக் கணக்குப் பார்த்து எடுங்கள், போர்டு போச்சு என்ற பயத்தில் எடுக்க வேண்டாம்.

இதே மழைக்காலத்தில் வேறு மாதிரி நிற்கிற சிஸ்டங்களும் உண்டு, படிக்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும். பட்டனை அழுத்தினால் ஒன்றுமே இல்லை, லைட்கூட இல்லை என்றால் அதே பிளக் பாயின்ட்டில் போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். யு.பி.எஸ்.ஸை ஒதுக்கிவிட்டு நேரே சுவரில் மாட்டுங்கள். யு.பி.எஸ். பேட்டரி சில வருஷத்தில் சாகிற சாமான், அது செத்தால் நல்ல கரண்ட்டிலும் சில யு.பி.எஸ். ஆன் ஆகாது. எஸ்.எம்.பி.எஸ். பின்னால் இருக்கிற சின்ன ஸ்விட்சையும் பாருங்கள். முன்பக்கப் பட்டனே உப்பில் அரித்துப் போவதும் கடலோரத்தில் அதிகம். போர்டில் பவர் ஸ்விட்ச் என்று எழுதியிருக்கிற இரண்டு முள்ளிலிருந்து வயரைக் கழற்றி, ஸ்க்ரூ டிரைவர் முனையால் அந்த இரண்டு முள்ளையும் ஒரு கணம் சேர்த்துத் தொட்டால் சிஸ்டம் ஓடினால், குறை பட்டனில்தான். அதற்கும் அசையவில்லையென்றால், பிளக்கைப் பிடுங்கி எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் போர்டிலிருந்து முழுவதும் கழற்றி, ஃபேன் ஒன்றையாவது அதில் மாட்டிவிட்டு, 24 முள் கனெக்டரில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துப் பிறகு கரண்ட் கொடுங்கள். அதற்கும் ஃபேன் சுற்றாவிட்டால் எஸ்.எம்.பி.எஸ். போச்சு. சுற்றினால் அது ஓடுகிறது என்று மட்டும்தான் அர்த்தம், நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

ஆன் ஆகிச் சில வினாடியில் அணைந்தால் ப்ராசஸர் கூலரை அசைத்துப் பாருங்கள். இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் காலில் ஒன்று கழன்றிருந்தாலும் சூடு ஏறி அணைந்துவிடும். குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறைப் பக்கம் சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை நேரத்து இடி பெரிது. பிளக்கைப் பிடுங்கியும் போர்டு போச்சே என்று கேட்கிறவர்கள், இன்டர்நெட் வருகிற லேன் வயரைப் பிடுங்கினீர்களா என்று திருப்பிக் கேட்டால் யோசிப்பார்கள். ஃபைபர் இழை மின்னலைக் கடத்தாது. ஆனால் வீட்டில் இருக்கிற இன்டர்நெட் பெட்டியின் அடாப்டர் கரண்ட்டில் நிற்கிறது, அதிலிருந்து கம்ப்யூட்டருக்குச் செம்பு வயர் போகிறது. இரண்டையும் பிடுங்க வேண்டும். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்றால் எர்த் இல்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதைச் சாதாரணமாக எடுக்க வேண்டாம்.

லோகோ வந்து, "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்" என்று நின்றால் முதலில் பென் டிரைவ் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். பயாஸில் ஹார்ட் டிஸ்க் பெயர் தெரிந்தால் பூட் வரிசை, யு.இ.எஃப்.ஐ. அல்லது லெகஸி என்கிற பூட் முறை மாறியிருக்கலாம், பேட்டரி மாற்றிய பிறகு இது அடிக்கடி நடக்கும். பெயர் தெரியவில்லையென்றால் டிஸ்கைப் போர்டோடு இணைக்கிற சாட்டா கேபிளை மாற்றுங்கள். விண்டோஸ் தொடங்கி நீலத் திரையில் நின்றால், தொடர்ந்து சில தடவை பாதியில் நின்றதும் அதுவே ரிப்பேர் மெனுவுக்குள் போகும். அதில் ஸ்டார்ட்டப் ரிப்பேர், கடைசி அப்டேட்டை நீக்குவது, சேஃப் மோட், இந்த வரிசையில் முயலலாம். புதிய சிஸ்டங்களில் டிஸ்கைப் பூட்டிவைக்கிற பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் பதிந்திருக்கும்.

தங்கச்சி, உங்கள் ஹார்ட் டிஸ்க் பற்றி. சிஸ்டம் எழும்பாமலே போனாலும் அதை எடுக்க வழி இருக்கிறது. டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் வேண்டும். அதனால் லேப்டாப் டிஸ்குக்கான வெறும் யு.எஸ்.பி. கேபிள் போதாது, தனி பவர் அடாப்டரோடு வருகிற சாட்டா கன்வெர்ட்டர் வாங்குங்கள். லேப்டாப்பில் மாட்டும்போது "ஃபார்மட் செய்யவா" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று மூடிவிடுங்கள். டக், டக் என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் உடனே கரண்ட்டை எடுத்துவிட்டு, டேட்டா ரெக்கவரி செய்கிறவரிடம் கொண்டுபோங்கள். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்த்தால் இருப்பதும் கிழிந்துபோகும். சத்தமில்லாமல் ஓடினால் கணக்கு ஃபைலை முதலில் ஒரு பென் டிரைவில் எடுத்து, அதே நாளில் கூகுள் டிரைவிலோ அப்பாவின் மெயிலுக்கோ ஒரு பிரதி போட்டுவிடுங்கள். கடலோர வீட்டில் ஒரே டிஸ்கில் கணக்கு வைப்பது ஆபத்து.

சிஸ்டம் எழும்பியதும் ஜூனிலிருந்து டிசம்பர் வரை, வேலை இல்லாவிட்டாலும், தினமும் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். கடல் பக்க ஜன்னலுக்கு நேரே வைக்க வேண்டாம், தரையிலும் வேண்டாம். ஊருக்குப் போவதானால் பிளக்கையும் லேன் வயரையும் பிடுங்கி, கேபினெட்டை ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வாய் கட்டி வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் எந்தக் கவரும் போட வேண்டாம்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். ரேமைக் கழற்றிவிட்டு, பீப் ஸ்பீக்கர் மாட்டி ஆன் செய்தபோது சத்தம் வந்ததா, வந்தால் எப்படி வந்தது, போர்டில் என்ன மாடல் எழுதியிருக்கிறது, இந்த மூன்றையும் எழுதுங்கள். அதை வைத்து அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். அதுவரை கடையில் சிஸ்டத்தை விட்டுவிட்டு வர வேண்டாம். விட்டே ஆக வேண்டும் என்றால் ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.